ஒயரா, ஒயர்லெஸ்ஸா? மேடைக் கிதாரும் மறந்துபோன எர்த்தும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கவரைப்பேட்டைக்கு அருகே ஓர் அம்மன் கோயில் திடலில் மெல்லிசைக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தேன். மேடையில் மின்கிதார் வாசித்த இளைஞர் என் பழைய மாணவர். வாரநாட்களில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. வார இறுதியில் கச்சேரி. இடைவேளையின்போது மேடையை விட்டிறங்கி வந்தவர் உதட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்: “சார், ஒயர்லெஸ் வாங்கிடலாமா? கிதார் சத்தம் கெட்டுப்போகும்னு சொல்றாங்க. நீங்க பிசிக்ஸ்தானே, சொல்லுங்க.”

நான் மின்தேக்குத்திறன், ஒத்ததிர்வு, அதிர்வெண் என்று ஒரு குட்டி விரிவுரையே நிகழ்த்தி, “ஒயரே போதும்” என்று சொல்லியனுப்பினேன். நான் சொன்ன இயற்பியலில் பிழையில்லை. ஆனால் சொன்ன பதில் தவறு. அவர் உதட்டை ஏன் தடவினார் என்று நான் கேட்கவே இல்லை. அந்தத் தவற்றை ஒப்புக்கொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இன்று மேடைக் கலைஞர்களிடையே நடக்கும் ‘ஒயரா, ஒயர்லெஸ்ஸா’ என்ற வாதத்தில் இரு தரப்பினரும் ஒலியின் தரத்தைப் பற்றியும் மேடையில் உலாவும் வசதியைப் பற்றியுமே பேசுகின்றனர். இவ்விரண்டையும் முதலில் சீர்தூக்கிப் பார்ப்போம். பிறகு, இரு தரப்பினரும் பேசாமல் விட்டது எது என்று காண்போம்.

தந்தியிலிருந்து ஒலிபெருக்கி வரை

மின்கிதாரின் எஃகுத் தந்திகளுக்கு அடியில் ‘பிக்கப்’ என்ற உறுப்பு இருக்கிறது. நிலைக்காந்தத்தைச் சுற்றி, தலைமயிரைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய கம்பிச்சுருளே அது. எஃகுத் தந்தி அதிரும்போது சுருளை ஊடுருவும் காந்தப் பாயம் மாறுகிறது. ஃபாரடேயின் விதிப்படி சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. அமெரிக்காவில் 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம்ப் உருவாக்கிய கிதாரிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான்.

இவ்வாறு கிடைப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வோல்ட் அளவுள்ள சிறிய மின்குறிகை. இதைப் பெருக்கிக்குக் கொண்டு சேர்க்க இரு வழிகள் உண்டு. ஒன்று, நடுவே ஒரு கம்பியும் அதைச் சுற்றிப் பின்னிய உலோக உறையும் கொண்ட ஒயர். மற்றொன்று, இடுப்பில் செருகிய சிறு பரப்பி மூலம் குறிகையை ரேடியோ அலையில் ஏற்றி அனுப்பி, மேடையோரத்தில் உள்ள ஏற்பியில் மீட்டெடுப்பது. அக்காலத்தில் நம் பெரியவர்கள் ‘கம்பியில்லாத் தந்தி’ என்றார்கள் அல்லவா? அதே தத்துவம்தான், இப்போது தீப்பெட்டி அளவிற்குச் சுருங்கி வந்திருக்கிறது.

ஒயர் ஒலியை மாற்றுகிறதா?

மாற்றுகிறது. கணக்கே போட்டுப் பார்க்கலாம்.

நடுக்கம்பியும் சுற்றுறையும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகிவிடுகின்றன. சாதாரணக் கிதார் ஒயரின் மின்தேக்குத்திறன் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோபாரட். பிக்கப் சுருளின் மின்தூண்டல் எண் 4 ஹென்றி என்றும், சுருளுக்கே உரிய மின்தேக்குத்திறன் 150 பிக்கோபாரட் என்றும் கொள்வோம். மின்தூண்டல் எண்ணையும் மொத்த மின்தேக்குத்திறனையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை 6.28 ஆல் பெருக்கி, வரும் எண்ணால் 1-ஐ வகுத்தால் ஒத்ததிர்வு அதிர்வெண் கிடைக்கும். மேல்நிலை வகுப்பு மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கலாம்.

3 மீட்டர் ஒயருக்கு விடை சுமார் 3,750 ஹெர்ட்ஸ். 6 மீட்டருக்கு 2,900 ஹெர்ட்ஸ். 15 மீட்டருக்கு 1,960 ஹெர்ட்ஸ். பரப்பியோடு இணைக்கும் அரை மீட்டர் ஒயருக்கோ 5,600 ஹெர்ட்ஸ்.

இந்த அதிர்வெண்ணுக்கு மேலுள்ள ஒலிக்கூறுகள் விரைந்து மங்கிவிடும். ஆகவே நீண்ட ஒயரில் கிதாரின் ஒலி மழுங்கியும், ஒயர்லெஸ்ஸில் கணீரென்றும் கேட்பது கலைஞரின் கற்பனையன்று, இயற்பியல்.

ஆனால் இதிலிருந்து இரு தரப்பினரும் செய்யும் முடிவுகள் இரண்டும் தவறானவை. ‘ஒயரின் ஒலியே இயற்கையானது’ என்பவர்கள், தாம் விரும்பும் அந்த இதமான ஒலி ஒயரின் குறைபாட்டால் விளைந்தது என்பதை மறக்கிறார்கள். ‘ஒயர்லெஸ்ஸே தூய்மையானது’ என்பவர்கள், பல மின்கிதார்களின் ஒலி சில மீட்டர் ஒயரோடு சேர்த்தே பழகிப்போனது என்பதை மறக்கிறார்கள். சில ஒயர்லெஸ் கருவிகளில் ஒயரின் மின்தேக்குத்திறனை ஈடுசெய்யவே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். கிதாரின் ஒலிச்சாயல் குமிழைச் சற்றுத் திருப்பியும் ஏறக்குறைய அதே பலனைப் பெறலாம். ஆக, ஒலியைப் பற்றிய சண்டை ஒரு குமிழின் திருப்பத்தில் தீரக்கூடியது.

தாமதம் என்னும் புகார்

எண்முறை ஒயர்லெஸ் கருவிகள் குறிகையை எண்களாக்கி அனுப்பி மீண்டும் குறிகையாக்குவதால் சில மில்லி விநாடி தாமதம் ஏற்படுகிறது. ‘தாளம் தப்புகிறது’ என்று சிலர் குறை கூறுகின்றனர்.

நம் ஊர் வெப்பநிலையில் காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்கிறது; அதாவது ஒரு மில்லி விநாடியில் 35 சென்டிமீட்டர். 4 மில்லி விநாடி தாமதம் என்றால், ஒலிபெருக்கியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றதற்குச் சமம். 5 மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவர் தினமும் 14 மில்லி விநாடி தாமதத்தோடுதான் வாசிக்கிறார். யாரும் தாளம் தப்பியதாகச் சொல்வதில்லை. பல எண்முறைக் கருவிகளை அடுத்தடுத்து இணைத்தால் தாமதங்கள் கூடி உணரத்தக்க அளவை எட்டலாம். ஒயர்லெஸ் ஒன்றின் மீது மட்டும் பழி சுமத்துவது நியாயமில்லை.

வானம் யாருக்குச் சொந்தம்?

ஒயர்லெஸ்ஸின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. ஒயருக்குள் நம் குறிகை மட்டுமே ஓடும். காற்றுவெளியிலோ எல்லோருக்கும் இடமுண்டு.

மலிவான எண்முறைக் கருவிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குகின்றன. வரம்புக்குட்பட்ட திறனில் இதைப் பயன்படுத்த நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. அதனாலேயே வைஃபையும் புளூடூத்தும் இங்கேதான் குடியிருக்கின்றன. மாலையில் காலித் திடலில் ஒத்திகை பார்க்கும்போது குறையின்றி வேலை செய்த கருவி, கூட்டம் சேர்ந்து ஆளுக்கொரு கைப்பேசியை உயர்த்தியதும் விட்டுவிட்டு ஒலிப்பதற்கு இது ஒரு காரணம். மனித உடலிலுள்ள நீர் இந்த அலைகளை உறிஞ்சுவது மற்றொரு காரணம். பரப்பியை இடுப்பின் பின்புறம் செருகிக்கொண்டு, கலைஞர் ஏற்பியை நோக்கி நின்றால், நடுவில் அவர் உடலே சுவராகிவிடும்.

இந்த அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். நேரே வரும் அலையும் தகரக் கூரையில் பட்டு மீளும் அலையும் ஓரிடத்தில் எதிரெதிராகச் சந்தித்தால் அங்கே குறிகை தேய்ந்துவிடும். ஓரடி நகர்ந்தால் திரும்பி வரும். இதனால்தான் நல்ல ஏற்பிகளில் இரண்டு ஆன்டெனாக்கள் வைத்து, எதில் குறிகை வலுவாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

பல மைக்குகளை ஒரே மேடையில் இயக்கும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. 600, 601, 602 மெகாஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் மூன்று பரப்பிகளை வைத்ததாகக் கொள்வோம். முதலிரண்டும் கலந்தால், 601-இன் இருமடங்கிலிருந்து 600-ஐக் கழித்த அலை ஒன்று பிறக்கும். அது சரியாக 602! மூன்றாவது மைக்கின் தலைமேலேயே வந்து உட்கார்ந்துவிடும். ஒழுங்காக அடுக்கியதே இங்கு குற்றமாகிறது. இடைவெளிகள் சமமில்லாமல் இருக்கவேண்டும்.

மேலும், பட்டைகள் கைமாறுவதும் உண்டு. அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒயர்லெஸ் மைக்குகள் 2010 ஜூன் 12 முதல் தடை செய்யப்பட்டன. நம் நாட்டில் 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் அதே பட்டையின் அலைகள் கைப்பேசிச் சேவைக்கு விற்கப்பட்டன. ‘அசல் வெளிநாட்டுச் சரக்கு’ என்று பழைய கருவியை வாங்குபவர், அது எந்தப் பட்டையில் இயங்குகிறது என்று பார்த்தே வாங்கவேண்டும்.

உலாவத்தான் வேண்டுமா?

ஒயர்லெஸ்ஸுக்குச் சொல்லப்படும் பெரிய பெருமை, மேடையெங்கும் உலாவலாம் என்பது. நம் மரபை எண்ணிப் பாருங்கள். மின் மாண்டலினைக் கருநாடக இசைக்கு உரியதாக்கிய யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) தரையில் அமர்ந்தே உலகை வென்றார். மின்கிதாரில் கமகங்களைக் கொண்டுவந்த ஆர். பிரசன்னாவும் கருநாடக இசையை அமர்ந்தே வாசிக்கிறார். நம் ஊரில் உண்மையாகவே நடந்துகொண்டு வாசிப்பவர்கள் சாமி புறப்பாட்டில் முன்னே செல்லும் நாகசுர, தவில் கலைஞர்கள். அவர்களுக்கோ மின்சாரமே தேவைப்பட்டதில்லை. பன்னிரண்டடி மேடையில் ஐந்து பேர் நிற்கும் மெல்லிசைக் குழுவில், உலாவ இடம் எங்கே? கால் தடுக்காமலிருப்பது ஒரு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கவேண்டிய வசதியா என்பதே கேள்வி.

இதுவரை எழுதியது, அன்றிரவு என் மாணவரிடம் நான் சொன்னதன் விரிவு. இனி, சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன்.

உதட்டில் பட்டது என்ன?

ஒயரின் சுற்றுறைக்கு மின்குறிகையைக் காப்பதைத் தவிர இன்னொரு பணியும் உண்டு. கிதாரின் தந்திகள் இந்த உறையோடு இணைக்கப்பட்டுள்ளன; உறை பெருக்கியின் உலோகச் சட்டத்தோடும், சட்டம் மூன்று முனை பிளக்கின் எர்த் வழியாக நிலத்தோடும் இணைகின்றன. அதாவது கிதார் வாசிப்பவரின் விரல்கள் எப்போதும் பூமியைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

பாடகர் மைக்கின் உலோக வலையும் இவ்வாறே தன் பெருக்கியோடு இணைந்திருக்கிறது. அந்தப் பெருக்கிக்கு எர்த் இல்லாமல், உள்ளே மின்காப்பும் பழுதாகியிருந்தால், மைக்கின் வலை மின்னழுத்தம் பெற்றுவிடும். கிதார்க்காரர் கோரஸ் பாட உதட்டை மைக்கில் வைத்ததும் மின்னோட்டம் உதட்டில் நுழைந்து, மார்பைக் கடந்து, கை வழியே தந்திக்குள் இறங்கி நிலத்தை அடைகிறது. அன்றிரவு நடந்தது இதுதான். நல்லவேளையாக, பழுது சிறியது, சுருக்கென்றதோடு போயிற்று.

பழுது பெரிதாக இருந்தால்? வியர்த்த உடலின் மின்தடை 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். 1 மில்லி ஆம்பியர் சுருக்கென்று உணரப்படும். 10-ஐத் தாண்டினால் தசை இறுகிப் பிடித்ததை விடமுடியாது. 30-ஐத் தாண்டினால் இதயத்துக்கே ஆபத்து. இது வெறும் கணக்கன்று. 1972 மே 3 அன்று பிரிட்டனில் ஸ்வான்ஸீ நகர மேடையில், ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். 1976 டிசம்பரில் அமெரிக்காவின் லேக்லாண்டில் ‘கிஸ்’ குழுவின் ஏஸ் ஃப்ரேலி, கையில் கிதாருடன் மேடைப்படிக் கைப்பிடியைத் தொட்டுத் தூக்கியெறியப்பட்டு உயிர் பிழைத்தார். அக்குழுவினர் பின்னர் ஒயர்லெஸ்ஸுக்கு மாறினர். ஆக, ஒயர்லெஸ் கிதார் மேடைக்கு வந்ததில் உலாவும் ஆசையைப் போலவே உயிர் பயத்துக்கும் பங்குண்டு.

எர்த் முனையை ஒடித்தது யார்?

கச்சேரி முடிந்தபின் மைக் செட்டின் பிளக்கைப் பார்த்தேன். எர்த் முனை இல்லை. தேய்ந்து விழுந்ததன்று, வேண்டுமென்றே ஒடித்திருந்தார்கள். காரணம் கேட்டபோது, “எர்த் குடுத்தா ‘ம்ம்ம்’னு இரையுது சார்” என்றார் மைக் செட்டுக்காரர்.

அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு பெருக்கிகள் தனித்தனி எர்த் வழியாகவும், ஒலிக்குறிகை ஒயரின் உறை வழியாகவும் இணையும்போது ஒரு மூடிய வளையம் உண்டாகிறது. சுற்றியுள்ள மின்வழிகளின் காந்தப்புலம் அவ்வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, அது 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கேட்கிறது. எர்த்தைத் துண்டித்தால் வளையம் முறிந்து இரைச்சல் நிற்கிறது. அதோடு பாதுகாப்பும் நின்றுவிடுகிறது. முறிக்கவேண்டியது மின்வழங்கலின் எர்த்தை அல்ல. ஒலிக்குறிகை ஒயரின் உறையை. அதற்கென்றே சிறு மின்மாற்றி வைத்த டி.ஐ. பெட்டி கடைகளில் கிடைக்கிறது. சென்னை ரிட்சி தெருவுக்கு ஒருமுறை சென்று வரும் வேலை.

இரைச்சலில் இன்னொரு வகையும் உண்டு. மின்மாற்றி, சோக்கு ஆகியவற்றின் காந்தப்புலம் பிக்கப் சுருளிலேயே நேராக நுழைவது. கிதாரைப் பிடித்தபடி மெல்லச் சுற்றித் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் குறைந்தால் அது இந்த வகை. எர்த்தை ஒடித்தாலும் இது போகாது. ஒயர்லெஸ் வாங்கினாலும் போகாது. எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருள் பிக்கப்தான் இதற்கு மருந்து. நோய் எது என்று தெரியாமல் மருந்து வாங்குவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது.

ஒருவர் மட்டும் தப்பினால் போதுமா?

என் பேச்சைக் கேட்காமல் அந்த மாணவர் ஒயர்லெஸ் வாங்கிவிட்டார். ஒருவகையில் அவர் செய்தது சரி. பரப்பி மின்கலத்தில் இயங்குவதால் அவர் விரல்களுக்கும் நிலத்துக்கும் இடையிலிருந்த உலோகத் தொடர்பு அறுந்தது. எர்த் வளைய இரைச்சலும் நின்றது. ஒயர்லெஸ்ஸின் மெய்யான நன்மை என்று நான் மதிப்பது இந்த ஒன்றைத்தான். இதை விளம்பரங்களில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

ஆனால் சில வாரங்கள் கழித்து வந்து அவர் சொன்னார்: “எனக்கு ஷாக் அடிக்கல சார். பாடுற அக்காவுக்கு அடிச்சிடுச்சு.” முன்மாலையில் மழை பெய்து திடல் நனைந்திருக்கிறது. கோயில் இடமாதலால் எல்லோரும் செருப்பில்லாமல் நின்றிருக்கிறார்கள். மைக்கைக் கையில் பிடித்ததும், ஈரத்தரை வழியே மின்னோட்டத்துக்குப் பாதை கிடைத்துவிட்டது. அந்த அம்மையார் மைக்கைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறியிருக்கிறார். அன்றும் பழுது சிறியதாகவே இருந்தது என்பது யாருடைய திறமையும் அல்ல. கிதாரிலிருந்து ஒயரை அகற்றியதால் பழுது அகலவில்லை. அடுத்தவரைத் தேடிப் போயிற்று.

ஆகவே இந்த வாதத்தின் மீது என் விமரிசனம் இதுதான்: ‘ஒயரா, ஒயர்லெஸ்ஸா’ என்பது தனிமனிதர் வாங்கும் பொருளைப் பற்றிய கேள்வி, எர்த் என்பது மேடை முழுவதையும் பற்றிய கேள்வி. முதற்கேள்விக்கு எந்த விடையைச் சொன்னாலும், இரண்டாவதற்கு விடை ஆகாது.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. மேடையின் கருவிகள் அனைத்துக்கும் ஒரே இடத்திலிருந்து, எர்த்துள்ள மூன்று முனை இணைப்பு தரவேண்டும். அந்த இணைப்பில் 30 மில்லி ஆம்பியரில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தவேண்டும். ஜெனரேட்டர் வைத்தால் அதற்கும் முறையாக எர்த் அமைக்கவேண்டும். பாடத் தொடங்குமுன் ஒருவர் மல்டிமீட்டரை மாறுமின்னழுத்த அளவில் வைத்து, மைக்கின் வலைக்கும் கிதார் தந்திக்கும் இடையே அளக்கவேண்டும். முள் சுழியருகே நின்றால் சரி. பத்துக் கணக்கில் வோல்ட் காட்டினால், எங்கோ எர்த் இல்லை என்று பொருள். சரிசெய்யும்வரை யாரும் மைக்கைத் தொடக்கூடாது. பாதுகாப்புக்கு இது மாற்றாகாது என்றாலும், மைக்கின் மேல் ஒரு பஞ்சுறை மாட்டினால் உதடு உலோகத்தில் படாது.

இதற்கெல்லாம் ஆகும் செலவைக் கோயில் விழாக் குழுவினரும் மைக் செட்டுக்காரரும் இசைக்குழுவினரும் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு அதிகம் வராது. பந்தலுக்கும் சீரியல் விளக்குக்கும் தரும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும்.

அந்த மாணவர் இப்போது கச்சேரிக்குப் போகும்போது கிதார்ப் பையில் ஒரு மல்டிமீட்டரையும் எடுத்துச் செல்கிறார். முதலில் குழுவினர் சிரித்தார்களாம், இப்போது பாடும் அம்மையாரே, “தம்பி, அளந்துட்டியா?” என்று கேட்ட பிறகுதான் மைக்கைக் கையில் எடுக்கிறாராம். அவரிடம் நான் முதலில் கேட்டிருக்கவேண்டிய கேள்வியை அந்த அம்மையார் கேட்கிறார். உங்கள் ஊர்த் திருவிழா மேடையிலும் யாராவது ஒருவர் அதைக் கேட்கட்டும்.